வாடகை வண்டியில் பொங்கிய பால்

நேஷனல் ஃபாரஸ்டில் இரண்டு குடும்பமாகக் கேம்பிங் போகப் பேசி முடிவெடுக்க, பிளசன்டனில் என் தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். எங்களுக்கு டென்ட். அவர்களுக்கு ஆர்.வி. என்கிற வாடகை வீட்டு வண்டி; அது இப்போதே வாசலில் வந்து நின்றிருந்தது. ஏற்கெனவே ஒரு சொந்த வீடு. இப்போது சக்கரம் வைத்த இன்னொன்று.

வண்டிக்குள்ளே இருந்த கேஸ் அடுப்பில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“வாடகை வண்டிக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்றேன்.

“அடுப்பும் கட்டிலும் இருந்தா வீடுதானே.”

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மில்பிடாஸ் அபார்ட்மென்டுக்குக் குடிவந்த அன்று, ஸ்மோக் அலாரத்துக்குப் பயந்து நான் பாலை மைக்ரோவேவில் வைத்தேன். அது பொங்கவே இல்லை.

முதல் டம்ளரை அவள் எனக்குத்தான் நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றேன்.