மண் படாத பூ

உத்திரத்தில் கம்பி கட்டித் தொங்கிய ஒரு முழக் கட்டை. அதைப் பற்றிக்கொண்டு ஒரு செடி. மண் கிடையாது, தொட்டி கிடையாது. விரல் தடிமனில் வெளுத்த வேர்கள் காற்றில் தொங்கின. முற்றத்துக்குப் போகும்போதெல்லாம் அவை என் தலையைத் தொட வருவதுபோல இருக்கும். நான் குனிந்தே நடப்பேன்.

செடி என் மதினியுடையது. என் வீட்டுக்காரருக்கு அக்காள். யுத்தத்தில் பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்தவர். கணவரை வழியில் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, இதை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் வந்து சேர்ந்தார். "புருசனை விட்டுட்டுப் புல்லைத் தூக்கிட்டு வந்திருக்கா" என்று தெரு பேசியது. அவர் தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது ஐந்து மாதம் தங்கியபோது, அதுவரை இலையாகவே கிடந்த செடி பூத்துவிட்டது. ஒன்று இரண்டல்ல, கொத்துக் கொத்தாக, ஆடறுத்த இடம்போலச் சிவப்பு. மதினி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானோ முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "ஏட்டி, இது புல்லுருவியில்லா. மரத்தை உறிஞ்சித்தான் வளரும். இது பட்ட கட்டை, இதுல ஒண்ணும் கெடையாது. பெறவு எதைக் குடிச்சிட்டு இம்புட்டுச் செவப்பாப் பூத்திருக்கு?" என்றவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

அன்றோடு தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பிள்ளை அசையாத நேரமெல்லாம் கட்டையைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். மதினியிடம் சொல்லத் துணிவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கேட்டுக்கும் கோயில் புற்றுமண்தான். சொறியா, தேமலா, கெட்ட கனவா, குழைத்துப் பூச வேண்டியதுதான். மதினி ஒரு சாவு வீட்டுக்காகப் புளியங்குடி போய், பதினாறு முடியும்வரை அங்கேயே தங்கினார். நான் முக்காலி போட்டு ஏறி, ஒரு வேர் விடாமல் புற்றுமண்ணை அப்பினேன். காயக் காய நனைத்து மறுபடி அப்பினேன். கொல்ல நினைக்கவில்லை. அது குடிப்பதை நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவர் திரும்பியபோது வேரெல்லாம் அழுகிக் கறுத்திருந்தது. தொட்டதும் இலைகள் கையோடு வந்தன. என் நகக்கண்ணில் மண் இருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பிரசவம்வரை செடிக்குப் பயந்ததைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தேன். சாபம் விட்டுவிடுவாரோ என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்தாள். மதினிதான் குளிப்பாட்டினார். பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு, என் முகம் பார்க்காமல் சொன்னார்:

"வழியில எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு. பொட்டப்புள்ளதான். மூணு நாள் இருந்துச்சு. ஒரு மரத்தடியில தோண்டி வச்சோம். அந்த மரத்துல இருந்து எடுத்த செடி அது. காத்தைக் குடிச்சே பொழைச்சுக்கிடும்னு அங்கன உள்ளவங்க சொன்னாவ. ஒண்ணை மண்ணுக்குள்ள வச்சாச்சு. அதையாவது மண்ணு படாம வச்சுக்கிடணும்னு பாத்தேன், மக்கா."

போன மாதம் என் மகள் ஒரு நர்சரியிலிருந்து அதே செடியை வாங்கி வந்து பால்கனியில் தொங்கவிட்டாள். கட்டையில் ஒட்டிய வேர், அதே சிவப்பு. "எம்மா, நல்லா வளரும்னு இதுக்கு மண்ணைப் போட்டுராதிய. செத்துப்போகும்" என்றாள்.

"தெரியும்" என்றேன். என் கைகள் பின்னால் போயிருந்தன.