சபூறா மாமியின் தெளியாத படம்

நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவர் கல்முனைக்கு வந்து நஸ்லினிடமே கேட்டுக்கொள்ளட்டும். இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நேரமும் பிழைக்காது, ஒவ்வொரு படத்துக்கும் கெமராவே நேரம் குறிக்கும். நஸ்லினும் பேய்க்கதைக்குக் காது கொடுக்கிறவள் அல்ல. பல்லி சொன்னால் பல்லியோடும் வாயாடுகிற பெண் அவள். இப்போது அவளிடம் அந்த வாய் இல்லை.

நஸ்லினுக்குக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பது தொழில். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணின் அறைக்குள் ஆண் கெமராக்காரர் கால் வைக்க முடியாது. அதனால் ஆண்கள் பந்தலை அவள் கணவன் மிஹ்லார் பார்ப்பான், பெண்ணின் அறையை இவள் பார்ப்பாள். உள்ளே எடுத்த படங்களை மிஹ்லாருக்கும் காட்டுவதில்லை என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுப்பாள். அந்த வாக்கை ஒருநாளும் மீறியதில்லை. அறைகளோ சின்னவை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும், எல்லோரையும் அடக்க அகலக்கோண சூம் லென்ஸ் இல்லாமல் முடியாது. அவளிடம் இருந்தது வேறொருவர் பாவித்துக் கொடுத்த பழைய லென்ஸ்.

அந்த வியாழக்கிழமை மருதமுனையில் கல்யாணம். பெண்ணின் பெயர் அப்னா. மருதாணிக் கையால் நஸ்லினை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ராத்தா, என்ட படம் எப்பிடி வந்தாலும் பரவால்ல. உம்மாட முகம் தெளிவா விழுந்த படம் ஒண்டு எடுத்துத் தாங்க."

உம்மா சபூறாவுக்கு வயிற்றில் கட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்பில் ஆபரேஷன். போகிறவர் திரும்பி வருவாரா என்று டொக்டரும் உறுதி சொல்லவில்லை. அப்னாவுக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து உம்மா ஒரு கெமராவுக்கும் முகம் கொடுத்ததில்லை. மகளின் கல்யாணம் என்று இன்றைக்குத்தான் சம்மதித்திருந்தார்.

மாலை 4.52. முதல் படம். சபூறா மாமி மகளின் பக்கத்தில் நின்றார். நஸ்லின் கெமராவின் திரையில் பெருப்பித்துப் பார்த்தாள்.

அப்னா தெளிவு. மாமியின் இடது பக்கம் மங்கல்.

லென்ஸைத் துடைத்தாள். அதன் முன்னால் பூட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி எடுத்தாள். மங்கல். லென்ஸின் வாயைச் சிறிதாக்கி எடுத்தாள். அப்போதும் மங்கல்தான்.

"மன்னிச்சுக்கங்க மாமி, இந்த லென்ஸ் இண்டைக்குச் சரியில்ல."

மாமி திரையை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சிரித்தார். நோயாளியின் சிரிப்பல்ல அது.

"இது நல்லாத்தான் இரிக்கி மகள். அழிச்சிராதீங்க."

சனிக்கிழமை காலை 8.15. லென்ஸைச் சோதிக்க, ஸ்டூடியோச் சுவரில் பழைய பத்திரிகைத் தாள்களை நான்கு மூலைக்கும் ஒட்டினாள். முக்காலியில் கெமராவைப் பூட்டி, கை படாமல் எடுத்தாள். பதினாறு மில்லிமீட்டரிலிருந்து முப்பத்தைந்து வரை சூமைத் திருப்பித் திருப்பி இருபது படம். மூலையிலிருந்த மரண அறிவித்தலின் பொடி எழுத்துக்கூடத் தெளிவாக விழுந்தது.

மிஹ்லாருக்குச் சிரிப்பு.

"லென்ஸ்ல ஒரு பிழையும் இல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். உன்ட கைதான் ஆடியிரிக்கி."

"என்ட கை ஆடினா முழுப் படமும் ஆடும். மாமி மட்டும் எப்பிடி ஆடுவாங்க?"

"காட்டு, பாப்பம்."

"ஏலா. வாக்குக் குடுத்திட்டன்."

அவன் மறுபடி கேட்கவில்லை. அவன் ஒருமுறை பார்த்திருந்தால் அது என்னவென்று அன்றைக்கே சொல்லியிருப்பானோ என்னவோ!

அவள் தனியே உட்கார்ந்து வியாழக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்தாள். மாமி இருந்த படம் முப்பத்தேழு. சிலவற்றில் மாமி இடப்பக்கம் நின்றார், சிலவற்றில் வலப்பக்கம். மங்கலும் அவர் போன பக்கமெல்லாம் கூடவே போயிருந்தது.

லென்ஸ் பழுதென்றால் ஓரம் முழுக்கக் கரைந்திருக்கும். ஃபோகஸ் பிழையென்றால் முன்னாலோ பின்னாலோ இருப்பது தெளிவாக விழும். இங்கே பின்சுவர்க் கலண்டரில் தேதி வாசிக்க முடிந்தது. மாமியின் வலது காதுத் தோட்டில் கல்லை எண்ண முடிந்தது. இடது கன்னத்திலிருந்து இடுப்பு வரைதான் இழுபட்டுக் கிடந்தது. ஏதோ அசைந்திருக்கிறது. மாமிதான் தோளை ஆட்டியிருப்பார் என்று நினைத்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம், லென்ஸை வீணாகத் திட்டிவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அசைவுக்கு மருந்து எந்தக் கெமராக்காரருக்கும் தெரியும். கெமரா கண் திறந்து மூடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கக் குறைக்க, ஆடுவது அப்படியே உறைந்து விழும்.

திங்கட்கிழமை காலை 10.30. மருதமுனை வீட்டில் மாமியை ஜன்னலோரக் கதிரையில் இருத்தினாள். அப்னா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அறையில் இவர்கள் இருவர்தான். நல்ல வெயில்.

மாமி இடது கையை மடித்து, மடியை அணைத்தபடி இருந்தார்.

10.34. செக்கனில் அறுபதில் ஒரு பங்கு.

மங்கல் விழுந்தது. கன்னத்திலிருந்து மடி வரை.

"ஆடாம இரிங்க மாமி."

"நான் ஆடல்ல மகள்."

10.36. இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. மங்கல் சுருங்கியிருந்தது. மாமியின் கன்னம் வெளியே வந்துவிட்டது. அந்த முகம் எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா! நஸ்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்னா கேட்டது கிடைக்கப் போகிறது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஹிக்...

விக்கல். சின்ன விக்கல். மாமியின் வாய் மூடியிருந்தது.

மாமி தன் மடிக்கு மேலே, வெறும் காற்றை, இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.

"ஆடாத கிளி... ராத்தா படம் எடுக்கிறா."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நஸ்லினுக்குக் கேட்டது.

10.38. ஐந்நூற்றில் ஒரு பங்கு.

திரையைப் பெருப்பித்தாள்.

மங்கல் இரண்டு சாண் அளவுக்கு வந்திருந்தது. மேலே கறுப்பாக, உருண்டையாக ஒன்று. ஈர முடியைப் போல... கீழே மாமியின் முந்தானை கொத்தாகச் சுருங்கியிருந்தது. யாரோ பிடித்து இழுப்பது போல.

நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள்.

முந்தானை நேராகத்தான் கிடந்தது.

இப்படி இழுபட்ட படங்களை அவள் எத்தனை எடுத்திருக்கிறாள். பாலர் பாடசாலை விழாவில். பெயர் வைக்கும் வீடுகளில். மடியில் அடங்கி இருக்காத பிள்ளைகளை எடுத்தால் இப்படித்தான் விழும்.

ஹிக்...

கை தானாகக் கெமராவின் நேரச் சில்லைத் திருப்பியது. ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் ஆடுவது எதுவும் தப்பாது. உறைந்து விழும். முகம் விழும்.

விரல் பொத்தானில் இருந்தது.

மாமி கெமராவைப் பார்க்கவில்லை. மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்... இப்ப எடுங்க மகள். கெதியா."

விரல் அசையவில்லை.

"எடுங்களன்..."

"போதும் மாமி."

"ஒண்டே ஒண்டு மகள். ஒண்டு மட்டும்."

நஸ்லின் கெமராவைப் பைக்குள் போட்டாள். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. படலையைத் தாண்டும்வரை மாமியின் குரல் கேட்டது. அழுகிற குரல்.

வீட்டுக்குப் போனதும் அன்றைய மூன்று படங்களையும் அழித்தாள். மிஹ்லார் என்ன நடந்தது என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

சபூறா மாமி கொழும்புக்குப் போகவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை, சுபஹு பாங்கு சொல்லும்போது உயிர் பிரிந்து மௌத்தானார்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் கலைந்த பிறகு அப்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ராத்தா, திங்கக்கிழம எடுத்த படத்தத் தாங்க."

"அது... அது சரியா வரல்ல அப்னா. அழிச்சிட்டன்."

அப்னா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நஸ்லினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தவ, ராத்தா. அம்ஹா. சுனாமி வந்த நேரம் ரெண்டரை வயசு. நான் அப்ப பிறக்கவேயில்ல. உம்மா இடது இடுப்புல தூக்கிக்கொண்டு ஓடியிரிக்கா. தண்ணி பறிச்சிட்டுப் போயிட்டு. மையித்தும் கிடைக்கல்ல."

அப்னா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"படமும் எல்லாம் கடலோட போயிட்டு. அவட முகம் மறந்து மறந்து போகுதெண்டு உம்மா அழுவா. ஒரு படம் இருந்தாப் போதுமெண்டு சொல்லிச் சொல்லி அழுவா."

ஜன்னலோரக் கதிரையைக் கண்ணால் காட்டினாள்.

"நீங்க போன பிறகு செவ்வாயும் புதனும் பத்தரை மணிக்கு உம்மா அந்தக் கதிரையில வந்து இருந்தா. உங்களுக்கு போன் எடுக்கச் சொன்னா. நானும் எடுத்த நான்."

நஸ்லினுக்குத் தெரியும். ஐந்து முறை மணி அடித்தது. அப்னாவின் பெயர் திரையில் வந்து வந்து போனது. பயத்தில் அவள் ஒருமுறையும் எடுக்கவில்லை.

"என்ன சொல்லச் சொன்னா?" நஸ்லின் கேட்டாள்.

"எனக்கும் விளங்கல்ல ராத்தா. 'நஸ்லின வரச் சொல்லு. கிளி இப்ப ஆடாம இரிக்கப் பழகிட்டாள்' எண்டு சொன்னா."