உள்ளே விழுந்த கட்டை

துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பெட்டிகளைத் திறக்கச் சொன்னவன் நான். எந்தப் பொருளை எந்தப் படிவத்தில் எழுதுவது, எதற்கு எத்தனை பிரதி, அவற்றில் எந்தப் பிரதியை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாற்பத்தெட்டாவது வயதில் வயலின் படிக்கத் தொடங்கினேன். அதற்கு மட்டும் நடைமுறை எதுவும் தெரியவில்லை.

சண்டைக் காலம். அயல்வீட்டுக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போகும்போது அலுமாரியையும் கதிரைகளையும் விற்றுவிட்டது. வயலினை வாங்க ஆளில்லை. "நீங்கள் வைச்சிருங்கோ, திரும்பி வந்தால் எடுப்பம்" என்று என்னிடம் தந்தார்கள். வைத்திருப்பது என்ற சொல்லை நான் சற்றுத் தாராளமாக விளங்கிக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. சுங்கக் கந்தோரில் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும்போதே இடது கை விரல்கள் மேசை விளிம்பில் ஸ்வரம் தேடின. விடிந்ததும் வில்லை எடுத்தால், மனைவி குசினியிலிருந்து கேட்பாள்: "உங்கட பூனைக்கு இண்டைக்கும் வயித்துக்குத்தோ?"

சனிக்கிழமைகளில் உப்புவெளியில் வகுப்பு. டீச்சருக்கு என் மூத்த மகளின் வயது. உடன்படித்த ஐந்து பேரும் பத்து வயதைத் தாண்டாத பெண்பிள்ளைகள். "ஐயா, வில்லைப் பேனை மாதிரிப் பிடிக்காதேங்கோ. கையெழுத்தே வைக்கப் போறியள்?" என்பார் டீச்சர். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கேலியைக் கேட்கத்தான் வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

முதலாம் தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு கூடு இருந்தது. வெறுமையான கூடு உள்ள படிவத்தைத் திருப்பி அனுப்புவது என் சொந்தக் கொள்கை. ஆகவே மனைவியிடம் நீட்டினேன். "கடைசியா எழுத்திலயும் ஒப்புக்கொண்டிட்டியள்" என்று சொல்லி ஒப்பமிட்டாள்.

இரண்டு தடவை திகதி வந்து, இரண்டு தடவையும் ஊரடங்கில் பரீட்சை நின்றுபோனது. பரீட்சகர் மட்டக்களப்பிலிருந்து வரவேண்டும். பாதை திறந்தால் அவர் வருவார், பாதை மூடினால் நாங்கள் முதலாம் தரத்தின் வாசலிலேயே நிற்போம். மூன்றாவது திகதியும் தவறினால் அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. ஐம்பதை நெருங்குகிற ஒருவனுக்கு அது சிறிய விஷயமல்ல.

வீட்டுக்கும் உப்புவெளிக்கும் இடையில் ஒரு சோதனைச் சாவடி. அங்கிருந்த பழைய சிப்பாய்களுக்கு என்னைத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது வயலின்தான் என்று நிரூபிக்க வாசித்துக் காட்டச் சொல்வார்கள். தொடக்கத்தில் என் வாசிப்பு அவர்களின் சந்தேகத்தைக் கூட்டியது. போகப் போகப் பழகிவிட்டார்கள். ஆனால் பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த அணி மாறிவிட்டது.

பரீட்சை நாள் காலை எட்டு மணிக்குச் சைக்கிளை விட்டு இறங்கினேன். புதிய சிப்பாய், இருபது வயதிருக்கும். வயலினைத் தூக்கி, மேற்பலகையில் நெளிந்திருக்கும் துளைகள் வழியாக உள்ளே பார்த்தான். இருட்டு. நரம்புகள் வேறு குறுக்கே நின்றன. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் முந்தினேன். தானாக முன்வந்து திறந்து காட்டுபவரின் சோதனை விரைவில் முடியும் என்று சுங்கத்தில் எத்தனை பயணிகளுக்கு உபதேசித்திருப்பேன். "இருங்கள், வசதியாகப் பாருங்கள்" என்று நரம்புகளை இழுத்துப் பிடிக்கும் நான்கு முறுக்காணிகளையும் ஒரேயடியாகத் தளர்த்திவிட்டேன்.

நரம்புகளைத் தாங்கும் குதிரை சரிந்தது. கூடவே உள்ளே 'டொக்' என்று ஏதோ விழுந்தது.

வயலினுக்குள் மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கட்டை நிற்கிறது. பசையோ ஆணியோ கிடையாது, நரம்புகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. எல்லா நரம்பையும் ஒன்றாகத் தளர்த்தக்கூடாது என்று டீச்சர் பலமுறை சொன்னதை அந்தக் கணத்தில்தான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

சிப்பாய் வயலினைக் குலுக்கினான். கடகடவென்றது. இரண்டடி பின்னால் போனான்.

"உள்ளே என்ன, மாத்தயா?" நாங்கள் பேசியது சிங்களத்தில்.

"ஒரு கட்டை."

"முதலில் தூக்கியபோது சத்தம் வரவில்லையே. உடைத்துப் பார்க்கவேண்டும்."

என் வாய் பழக்கத்தில் தானாக வேலை செய்தது. ஒரு பொருளை அழிப்பதென்றால் மேலதிகாரியின் எழுத்துமூல உத்தரவு வேண்டும், பொருளின் விபரம் மூன்று பிரதிகளில் வேண்டும், கட்டளையிட்டவரின் பெயரும் இலக்கமும் வேண்டும் என்றேன். அந்த இடத்தில் அப்படியொரு விதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. மூன்று பிரதி என்றதும் தன் மேலாளான கோப்ரலைக் கூப்பிட்டான்.

கோப்ரலுக்கும் எழுத்துவேலை பிடிக்காது போலும். சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து துளைக்குள் வெயிலைப் பாய்ச்சி எட்டிப் பார்த்தார். "கட்டைதான். போகலாம்" என்றார்.

போகலாம்தான். ஆனால் கட்டை விழுந்த வயலினில் குரல் இல்லை.

சாவடியில் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்பதால், அதன் அருகிலேயே எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தார். அந்தச் சாவடியால் நன்மையடைந்த ஒரே குடிமகன் அவர்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"சேர், ரிம்முக்குள்ள ஸ்போக் நிப்பிள் விழுந்தா நாங்க எடுக்கிறல்லயா? இதுவும் அந்த மாதிரித்தான். எங்க நிக்கணும் இது?"

"குதிரையின்ர வலது காலுக்குக் கொஞ்சம் பின்னால, நானா."

வயலினைக் கவிழ்த்துக் குலுக்கிக் கட்டையை வெளியே எடுத்தார். ஒரு கம்பியின் நுனியைக் கூராக்கி, வளைத்து, கட்டையில் குத்தித் துளைக்குள் விட்டார். இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் கண்ணாடியைச் சிப்பாயின் கையில் கொடுத்து, "நீ பிடி தம்பி, ஆடாம" என்றார் தமிழில். உடைக்க நின்றவன் மூச்சையடக்கிப் பிடித்தான். கட்டை நின்றது.

"செங்குத்தா நிக்குதா எண்டு சொல்ல ஏலாது சேர். ஆனா நிக்கிது."

குதிரையை நிமிர்த்தி, கட்டை விழாத அளவுக்கு மட்டும் நரம்புகளை முறுக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் டீச்சர் நின்றார். "ஐயா, உங்கட இலக்கம் ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு. மூண்டாந்தரம் வராட்டில் வரவில்லையெண்டு போட்டிடுவினம்." அவர் வயலினைப் பார்த்தார். நரம்புகள் இன்னும் சுருதிக்கு வெகு கீழே கிடந்தன. அதுவரை எனக்குச் சுருதி சேர்த்துத் தந்தவர் அவர்தான். கையை நீட்டினார். அதற்குள் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்கள். "நான் பார்க்கிறன், டீச்சர்" என்று உள்ளே போனேன்.

பரீட்சகர் நிமிர்ந்தார். "பிள்ளை எங்க?"

"நான்தான் பிள்ளை."

சுருதிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. முறுக்காணியைத் திருகினேன். கூடியது. குறைத்தேன். அளவுக்கு மீறிக் குறைந்தது. பார்த்துப் பின்பற்ற ஒரு சுற்றறிக்கையும் இல்லாத வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எவ்வளவு நேரம் எடுத்ததோ, ஒரு கட்டத்தில் என் நரம்பும் பெட்டியின் ஒலியும் ஒன்றாகிக் காதுக்குள் அசைவற்று நின்றன. மற்ற மூன்றையும் அதோடு சேர்த்தேன். அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சியை வாசிக்கும்போது பஞ்சம நரம்பு தளர்ந்து சுருதி இறங்கியது. நிறுத்தி, மீண்டும் சேர்த்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

"சுருதி சேர்க்க ஆர் பழக்கினது?"

"ஒருத்தருமில்லை ஐயா. இப்பத்தான்."

"அது இந்தத் தரத்துக்குப் பாடமில்லை. புள்ளி தரவும் இடமில்லை" என்றார் பரீட்சகர். கூடு இல்லாத இடத்தில் எழுதமாட்டாத மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "கீதத்தை வாசியுங்கோ."

வாசித்தேன். கட்டை நின்றது.

ஆறு வாரத்தில் பெறுபேறு வந்தது. சாதாரண சித்தி என்ற வெறும் தேர்ச்சி, ஆறு பேரில் கடைசிப் புள்ளி. அடுத்த சனிக்கிழமை டீச்சர் பிள்ளைகளின் வயலின்களை என் முன்னால் கொண்டுவந்து அடுக்கினார்.

"இனிச் சின்னாக்களுக்குச் சுருதி சேர்க்கிறது உங்கட பொறுப்பு ஐயா. எனக்குக் கால் மணித்தியாலம் மிச்சம்."

உத்தியோகத்தில் கிடைத்த எந்தப் பதவி உயர்வுக்கும் எனக்கு அவ்வளவு நெஞ்சு படபடத்ததில்லை. முதலாவதைச் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாரிலும் சிறியவள் அதை வாங்கி, ஒரு தரம் மீட்டி, தலையைச் சரித்துக் கேட்டாள்.

"அங்கிள், பஞ்சமம் கொஞ்சம் குறைவு."

கேட்டுப் பார்த்தேன். குறைவுதான். திரும்ப வாங்கி, முறுக்காணியை இன்னும் ஒரு மயிரிழை திருகினேன்.