அளவு ஜாக்கெட்டுக்கு எதிராக மெஹர் நிஷா

“இன்னியிலேர்ந்து இந்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துல எந்தப் பொம்பளையும் அளவு ஜாக்கெட்ட தூக்கினு என் வூட்டுக்கு வரக் கூடாது. வந்தா, இந்த ஜன்னல் வழியா வீசுவேன். நேரா சங்கராபரணி ஆத்துல போயி வுழும். செத்தாலும் இனிமே அளவு ஜாக்கெட்ட நா தொடமாட்டேன்!”

மெஹர் நிஷா தன் வீட்டு ஜன்னலில் நின்று இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது அதைக் கேட்கும் பாக்கியம் தெருவில் போன கீரைக்காரிக்கும், எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமதுக்கும் மட்டுமே வாய்த்தது. ஆறு அந்த ஜன்னலிலிருந்து நல்ல நடைதூரம். அதில் ஒரு ஜாக்கெட் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்பதும் ஆராய்ச்சிக்குரியது. ஆனால் பிரகடனங்களைப் பூகோளப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நாகரிகமல்ல.

ஆண் வாசகர்களின் பொது அறிவை உத்தேசித்து ஒரு விளக்கம். புது ரவிக்கை தைக்க வேண்டிய பெண், தன்னிடம் இருப்பதில் சுமாராகப் பொருந்துகிற பழைய ரவிக்கையைத் துணியோடு சேர்த்து டெய்லரிடம் கொடுப்பாள். அதுதான் அளவு ஜாக்கெட். டெய்லர் அதைப் பார்த்து வெட்டுவார். அந்த ரவிக்கையோ அதற்கு முந்தியதைப் பார்த்து வெட்டியது. முந்தியது அதற்கும் முந்தியதைப் பார்த்து. இந்த வம்சாவளியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், ஏதோ ஒரு ஆதி ரவிக்கையில், ஏதோ ஒரு டெய்லர் கொட்டாவி விட்ட நேரத்தில் விழுந்த கோணல், பரம்பரைச் சொத்தாக இறங்கி வந்திருப்பது தெரியும். நடுவில் அந்தப் பெண் பிள்ளை பெற்றிருப்பாள், பருத்திருப்பாள், இளைத்திருப்பாள். ரவிக்கைக்கு அந்தச் சேதியெல்லாம் எட்டியிருக்காது.

மெஹர் நிஷாவும் வெகுகாலம் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கி நடந்தவள்தான். எதிர்ச்சாரிக் கடையான ஹபீப் டெய்லர்ஸ், அவள் கணவன் நசீருடைய அண்ணன் கடை. அங்கே அவள் உத்தியோகம் கொக்கி வைப்பது, பொத்தான் துளைக்குக் காஜா போடுவது. கத்திரிக்கோல் ஆம்பளைச் சாமான் என்பது அந்தக் கடையின் அரசியல் சட்டம். கட்டிங் மேஜைப் பக்கம் அவள் போனால் ஹபீப் முகமது மரியாதையாகத் தொண்டையைக் கனைப்பார்.

இந்த நிலையில்தான், மாதா கோயில் பக்கத்துத் தோழி ஸ்டெல்லா, புதுச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கான உடை வடிவமைப்பு சொல்லித்தருகிறார்கள் என்று மோப்பம் பிடித்து வந்தாள். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். முதல் நாள் வகுப்பில் கத்திரிக்கோலும் இல்லை, டேப்பும் இல்லை. நடுவில் தலையும் கையும் இல்லாத பொம்மை ஒன்று நின்றது. சுகன்யா மேடம் ஒரு காடாத் துணியை அதன் தோளில் போட்டுவிட்டு, பால் பொங்கக் காத்திருப்பவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹருக்குப் பொறுக்கவில்லை. “மேடம், அளவு ஜாக்கெட் எங்க?”

“யாருக்கு?”

“இந்தப் பொம்மைக்குத்தான்.”

“பொம்மையே எதிர்ல நிக்கிதே. அப்புறம் ஜாக்கெட் எதுக்கு?”

இந்தக் கேள்வி பஸ்ஸில் வில்லியனூர் வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் அவளோடு வந்தது.

துணியைப் போட்டு, அது எங்கே விழ ஆசைப்படுகிறது என்று பார்த்து, விழுந்த இடத்தில் குண்டூசி குத்தி, மிஞ்சியதை மடிப்பாக ஒதுக்கி, கடைசியில் கழற்றி விரித்து அதையே வெட்டுவதற்கு மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. மெஹரின் முதல் ரவிக்கை பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது, கழற்றத்தான் வழியில்லை. முன்னாலும் பின்னாலும் திறப்பு வைக்க மறந்துபோயிருந்தாள். “பொம்மை குளிக்கவா போவுது, மேடம்?” என்று வாதாடிப் பார்த்தாள். எடுபடவில்லை.

பிறகு ஒருநாள் ஸ்டெல்லாவையே பொம்மையாக நிறுத்தித் துணி போர்த்தினாள். கையைத் தூக்கச் சொன்னதும் ரவிக்கை முழுசும் கூடவே மேலேறியது. “அடியே, குத்துதுடி!” என்று ஸ்டெல்லா அலறினாள். “கைக்குழி இறுக்கம், இன்னும் இறக்கி வெட்டணும்” என்றாள் மெஹர். ஹபீப் டெய்லர்ஸில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. சுகன்யா மேடம் கைக்குழியை மேலே ஏற்றி, அக்குளுக்கு ஒட்டினாற்போல் குத்தினார். ஸ்டெல்லா மறுபடி கையைத் தூக்கினாள். கை போயிற்று. ரவிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

மெஹர் நிஷா மனதளவில் ஹபீப் டெய்லர்ஸிலிருந்து ராஜினாமா செய்தது அந்தக் கணத்தில்தான்.

வீட்டில் தொழில் தொடங்க ஒரு பொம்மை வேண்டும். கடையில் விற்கிற பொம்மைகள் எல்லாம் சோறே தின்னாத சீமைப் பெண்களின் உடல்வாகு. எனவே நசீரின் பழைய பனியன் ஒன்றை மெஹர் மாட்டிக்கொண்டு நிற்க, ஸ்டெல்லா பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை சுற்றிச் சுற்றி இழுத்தாள். பாதியில் கரண்டு போயிற்று. மெஹர் உள்ளே வெந்துகொண்டிருந்தபோது கோழிக்கடையிலிருந்து நசீர் வந்து சேர்ந்தான்.

“இன்னாடி இது, பார்சலா? எந்த ஊருக்கு?”

“உங்க அண்ணன் கடையிலேர்ந்து ரிட்டன் வந்துட்ட பார்சல். திரும்ப அனுப்ப முடியாது. தள்ளி நில்லுங்க.”

முதுகில் வெட்டி உரித்து, பழைய தலையணைப் பஞ்சை அடைத்து, காற்றாடி போன ஒரு ஃபேன் ஸ்டாண்டில் ஏற்றியதும் மெஹர் நிஷாவின் பிரதிமை ஜன்னலோரம் எழுந்தருளியது. அன்று மாலையே ஹபீப் முகமது நேரில் வந்து பார்வையிட்டார்.

“இன்னா நிஷா இது? தலையில்லாத பொம்பளைய நடுவூட்ல நிறுத்தி வெச்சிருக்க?”

“தலை இல்லாததாலதான் மச்சான், யார் பேச்சையும் கேக்காம நிக்கிது.”

ஹபீப் முகமது கெட்டவரல்ல. தன் கத்திரிக்கோலை அவர் நம்பினார். மற்ற எதையும் நம்ப அவசியம் ஏற்படவில்லை, அவ்வளவுதான். “செரிம்மா, ஒரு பந்தயம்” என்றார். “நோன்புப் பெருநாளுக்குள்ள ஒரே ஒரு பொம்பளை வந்து உன் குண்டூசிக்கு நிக்கட்டும். என் கத்திரிய உன் கையில குடுத்துட்டு, கடைத்தெரு பாக்க நா ஒக்காந்து காஜா போடறேன். ஒருத்தியும் வரலன்னா, நீ வந்து பழையபடி காஜா போடு.”

“போடுங்க மச்சான், இப்பவே போட்டுப் பழகுங்க” என்று சொல்லி, அவர் கடைக்குத் திரும்பிப் போகிறபோது அவர் முதுகைப் பார்த்து விடப்பட்டதுதான் தொடக்கத்தில் கண்ட பிரகடனம்.

பிரகடனத்துக்குப் பிறகு வந்த முதல் ஆள் பக்கத்துத் தெரு தனக்கொடி. கையில் துணி. துணிக்குள் அளவு ஜாக்கெட்.

“ஜாக்கெட்ட மூடி உள்ள வெய்யி, தனம். நீ வந்து இப்படி நில்லு.”

“நா இன்னாத்துக்கு நிக்கணும்? தெக்கப் போறது ஜாக்கெட்டுதான?”

“துணிய உன் மேலியே போட்டுக் குத்துவேன்.”

“எம் மேலியா? ஊசியா?” தனக்கொடி வாசலுக்குப் போயிருந்தாள். “ஊசி போட்டுக்கணும்னா நா ஆஸ்பத்திரிக்குப் போவேன்டி, அங்க ஓசி!”

சேதி பரவியது. மெஹர் நிஷா வீட்டில் ஜாக்கெட் தைத்தால் ஊசி போடுவார்கள் என்று ஒரு கட்சி; பெண்களைப் பழுப்பு டேப்பில் சுற்றிக் காய வைக்கிறாள் என்று இன்னொரு கட்சி. நோன்பு பிறந்தது. எதிர்க்கடையில் பெருநாள் துணி மலையாகக் குவிந்தது. மெஹர் தன்னுடைய பிரதிமைக்கே விதவிதமாகப் போர்த்திக் குத்தி, கழற்றி, மறுபடி குத்தினாள். காஜா போடக் கூப்பிட்டு ஹபீப் முகமது ஜன்னலுக்கு வரும்போதெல்லாம், வாயில் குண்டூசி இருப்பதால் பேச முடியாது என்று சைகை காட்டினாள்.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போய், தெரு வெறிச்சோடியிருந்த நேரத்தில் ஒரு புர்கா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தது. ஆசிபா. ஹபீப் முகமதின் மனைவி.

“சட்டுனு கேளு, அவரு தொழுதுட்டு வந்துருவாரு. எம் பொண்ணு சபிஹா நிக்காஹ்வுக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் வேணும். நீதான் தெச்சிக் குடுக்கணும்.”

“கட்டிங் மாஸ்டரயே கட்டிக்கினு, என்கிட்ட வர்றீங்களாக்கா?”

“அந்த மாஸ்டராலதான்டி இம்மாம் வருசமா கைய தூக்க முடியாம கெடக்கறேன்” என்று ஆசிபா புர்காவை விலக்கிக் கையை உயர்த்திக் காட்டினாள். தோளுக்கு மேல் போனதும் ரவிக்கை மொத்தமும் கிளம்பி மேலே வந்தது. சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

குடும்பத்தில் ஆசிபாவுக்கு அடக்கமானவள் என்று பெயர். கையை வீசிப் பேசமாட்டாள், பந்தியில் எட்டிப் பரிமாறமாட்டாள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கமாட்டாள். புது மருமகள்களுக்கெல்லாம் அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். மெஹருக்கே காட்டியிருக்கிறார்கள். அத்தனை அடக்கமும் ஒரு கைக்குழியின் உபயம் என்று மெஹருக்கு இப்போதுதான் விளங்கியது.

“மச்சான் உங்களுக்கு அளவே எடுத்ததில்லியா?”

“எங்க? காட்டேரிக்குப்பத்துல எங்கம்மா தெச்சிக் குடுத்தத பாத்து மொத ஜாக்கெட் வெட்டுனாரு. இழுக்குதுன்னேன். கைக்குழிய இறக்கித் தரேன்னாரு. நானும் வருசா வருசம் சொல்றேன், அவரும் வருசா வருசம் இறக்கறாரு.” ஆசிபா குரலைத் தாழ்த்தினாள். “சபிஹா என்னவிட நெட்டை. மேடையில அவ தலையில நா பூ வெக்கணும் நிஷா. வயிறு தெரியுமோன்னு பயந்துக்காம வெக்கணும்.”

மெஹர் நிஷாவின் நெஞ்சுக்குள் பேண்டு வாத்தியம் முழங்கியது. கடைசியில் வந்தே விட்டாள் ஒருத்தி. அதுவும் எப்பேர்ப்பட்ட ஒருத்தி! “நில்லுங்கக்கா” என்று குண்டூசி டப்பாவை எடுத்தாள்.

“நிக்கமாட்டேன்.”

“அக்கா!”

“நா நின்னா அவரு காஜா போடணும். பொண்ணக் கட்டிக் குடுக்கற நேரத்துல அவரு கடைத்தெருவுல தலைகுனிஞ்சி ஒக்காரணுமா? எனக்கு ஜாக்கெட்டும் வேணும், அவரு தோக்கவும் கூடாது.”

“அப்ப நா தோக்கணுமா?”

“அது உன் இஷ்டம்.” ஆசிபா ஒரு கேரி பேக்கை மேஜை மேல் வைத்தாள். உள்ளே பட்டுத்துணி. அதன் மேலே, அவளுடைய அளவு ஜாக்கெட். “தெச்சா தெய்யி. இல்லன்னா, ஆறு எங்கியும் போயிடல.”

வந்த வேகத்தில் போய்விட்டாள்.

மெஹர் கேரி பேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தொழுகை முடிந்த கூட்டம் தெருவில் கலைந்தது. தொப்பி கழற்றாமல் ஹபீப் முகமது ஜன்னலுக்கு வந்தார். மெஹரின் கை தானாக நீண்டு, பையை மேஜையிலிருந்து இழுத்து அடியில் தள்ளியது.

“இன்னா நிஷா, யாராச்சும் நின்னாங்களா?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘உங்க வூட்லேர்ந்தேதான் மச்சான் வந்தாங்க.’ கத்திரிக்கோல், கடை, கடைத்தெரு, எல்லாம் அந்த வாக்கியத்தின் மறுமுனையில் இருந்தன. வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து, நோன்பு வாயில் வறண்டு போயிற்று.

“யாரும் நிக்கல மச்சான்.”

“அப்ப பெருநாள் கழிச்சி காஜாவுக்கு வந்துரு.”

“வர்றதா இல்ல. வேற ஆள் பாத்துக்கோங்க.”

“பந்தயத்துல தோத்துட்டல்ல?”

“தோத்துட்டேன். அதுக்காவ?”

“அநியாயம்மா இது.”

“அநியாயந்தான் மச்சான். கடையில துணி குமிஞ்சி கெடக்குது, போயி வேலையப் பாருங்க.”

ஹபீப் முகமது, நியாயம் தன் பக்கம் முழுசாக இருந்தும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவராகத் தெருவைக் கடந்து போனார்.

மெஹர் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஆசிபாவின் ரவிக்கையை எடுத்தாள். அதைப் பிரதிமைக்குப் போட்டுப் பார்க்க முடியாது. அதற்குத் தூக்கக் கை கிடையாது. சுடிதாருக்கு மேலே தானே அதை மாட்டிக்கொண்டு கொக்கிகளைப் போட்டாள். ஆசிபா பருமன், உடம்பெல்லாம் தொளதொளத்தது. கைக்குழி மட்டும் அக்குளை விட்டு வெகு தூரம் இறங்கிக் கிடந்தது. அதன் ஓரம் கிழிந்து கிழிந்து, ஆசிபா யாருக்கும் தெரியாமல் கையால் ஒட்டிய தையல்கள், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று அகப்பட்ட நூலிலெல்லாம் ஓடியிருந்தன.

மெஹர் நிஷா வலது கையை மெல்ல உயர்த்தினாள். தோளுக்கு மேல் போனதும் ரவிக்கை பிடித்து இழுத்தது. கையை அங்கேயே நிறுத்தி, இழுக்கிற இடத்தை இடது கையால் தடவிக் கண்டுபிடித்து, புதுசில் கைக்குழி எவ்வளவு ஏற வேண்டும் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.