டேங்கில் இருந்த இரண்டு பெயர்கள்

நாற்பத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிள் பழகுகிறவரை ஊர் சும்மா விடுமா? சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரர் பட்டாபியையும் விடவில்லை. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா இருந்தவரை இரண்டு சக்கரம் என்ற பேச்சே வீட்டில் எடுபடாது. அம்மா போன பிறகு, தொண்ணூற்றாறில், மாமல்லபுரத்துக் கடலோர விடுதி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காலையில் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பும்போது கடைசி பஸ் இவருக்காகவா காத்திருக்கும்? பல நாள் விடுதி வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுத்தார். வீட்டில் தேட ஆளில்லாததால் யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ் போனதைவிட அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

செங்கல்பட்டில் மெக்கானிக் மோசஸிடம் போய் நின்றார்.

"இன்னா சார், ஆடி அடங்குற வயசுல வண்டியா?"

"நான் ஆடவே இல்லியே மோசஸ்."

மோசஸ் சிரித்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு கூடவே வந்தான். முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. மோசஸ் இன்ஜின்மேல் கை வைத்துவிட்டு எடுத்தான். "சூடா கீது சார். நம்ம வர்றதுக்கு முன்னாடியே உதைச்சி உதைச்சி ஸ்டார்ட் பண்ணி வெச்சிக்கீறான். வா, போலாம்." இரண்டாவது வண்டிக்கு நேற்றுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு அவன் பக்கத்திலேயே போகவில்லை.

மூன்றாவது வண்டி அணுபுரத்தில் இருந்தது. அங்கே குடியிருந்த தாவீது என்பவருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகியிருந்தது. சிவப்பு ஹீரோ ஹோண்டா. இன்ஜின் ஜில்லென்று இருந்தது, ஒரே உதையில் கிளம்பியது. மோசஸ் தலையாட்டினான். பெட்ரோல் டேங்கில் வெள்ளை பெயிண்டில் ஒரு பக்கம் சாம் என்றும் மறுபக்கம் ரூத் என்றும் எழுதியிருந்தது. தாவீதின் பிள்ளைகள். வண்டி வாங்கினால் அதில் பிள்ளைகளின் பெயரை எழுதாத தகப்பன் நம் பக்கத்தில் உண்டா? நாலு வயது ரூத் டேங்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அவள் அம்மா சாராள் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

"பேரை அழிச்சிடுங்க சார். தின்னர் தொட்டுத் துடைச்சா போயிடும்" என்றார் தாவீது. உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது.

"ஞாயித்துக்கிழமை அழிச்சுக்கறேன்" என்றார் பட்டாபி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. பெருமாள் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது பட்டர் டேங்கைப் பார்த்தார், பட்டாபியின் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்தார்.

வண்டி பழக மூன்று மாதம் ஆயிற்று. கிளட்சை விடத் தெரியாமல் குதித்துக் குதித்து நின்றார். பெட்ரோல் தீரும்போது ரிசர்வுக்குத் திருப்ப மறந்து திருக்கழுக்குன்றம் சாலையில் தள்ளிக்கொண்டு நடந்தார். உப்புக் காற்றில் துரு ஏறாமல் இருக்க தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைக்கும்போது அந்த இரண்டு பெயர்கள் வந்தால் மட்டும் துணியை மெதுவாகப் போடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நமக்குத் தெரியும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, சாலையோரத்தில் ஆராயி என்பவள் டீக்கடை வைத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பட்டாபி அங்கே வண்டியை நிறுத்தினார். அவள் டேங்கை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சாமு... ரூத்து... ஒன் பசங்களா சாமி?"

வாயில் சூடான டீ. பட்டாபி தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவுதான். ஒரு தலையாட்டலுக்கு இத்தனை கால்கள் முளைக்கும் என்று யார் கண்டது?

"வேதக்காரங்க பேராட்டம் கீதே? வூட்டம்மா பேரு இன்னா?"

"சாராள்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராயி கையைத் தட்டிச் சிரித்தாள். "லவ்வு மேரேஜு! ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

பட்டாபியைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. விடுதியில் அவர் ஒரு மேஜை. தெருவில் அவர் செத்துப்போன கோமளத்தம்மாளின் பிள்ளை. அன்றைக்கு அந்தச் சிரிப்பை மனசுக்குள் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் ஓட்டினார்.

பிறகு தினமும் நின்றார். ரூத் பள்ளிக்கூடம் சேர்ந்தாள், சாமுக்குப் பல் விழுந்தது, சாராள் மீன் குழம்பு வைத்ததற்குச் சண்டை வந்தது. எல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில்தான் நடந்தது. கடையில் அவருக்கு 'சாம் அப்பா' என்றே பெயர். கிளம்பும்போது ஆராயி முறுக்கோ அதிரசமோ மடித்துக் கொடுப்பாள். "பசங்களுக்குக் குடு. வழியிலியே துன்னுடாத." வீட்டுக்கு வந்து கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு பட்டாபி அதைத் தின்பார். குழந்தைகளிடமிருந்து பிடுங்கித் தின்பதுபோல இருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைப்பார். சொன்னால் நாளைக்கு யார் கேட்பார்கள், எதைக் கேட்பார்கள்? பிள்ளைகள் இல்லாத பட்டாபியிடம் கேட்க என்ன இருக்கிறது? அந்தப் பயத்திலேயே வருஷங்கள் ஓடின.

நடுவில் அவருக்கு டைபாய்டு வந்தது. தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் குடத்தைப் பாயின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கிடந்தார். எழுந்து மறுபடி கடைக்குப் போனபோது, "எங்க சாமி இத்தினி நாளா?" என்று ஆராயி பதறினாள். எனக்குத்தான் காய்ச்சல் என்றால், வூட்டம்மா இன்னா கஷாயம் வெச்சா என்று அடுத்த கேள்வி வரும். அந்த நேரத்தில் அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

"ரூத்துக்கு டைபாய்டு" என்றார்.

இரண்டாயிரத்து மூன்றில் ஆராயியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணப் பத்திரிகையைக் கடையில் நீட்டினால் அது அழைப்பே அல்ல. வீடு தேடிப் போய், வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அது பட்டாபிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தன் வீட்டை யாராவது தேடி வருவார்கள் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராயியும் அவள் புருஷன் அப்பாசாமியும் சிங்கப்பெருமாள் கோயிலில் வந்து இறங்கி, சாம் அப்பா வீடு எது என்று தெருத்தெருவாகக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாசலில் நின்ற வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பட்டாபி தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழம், பத்திரிகை, வாழை இலையில் சுருட்டிய மல்லிகைப்பூ.

"வேதக்காரம்மா குங்குமம் வெச்சிக்குமோ வெச்சிக்காதோன்னு பூ வாங்கியாந்தேன். எங்க அவங்க?" என்றாள் ஆராயி. பேசிக்கொண்டே அவள் கண் கூடத்தைச் சுற்றி வந்தது. கொடியில் ஒரு வேட்டி. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு தம்ளர்.

"யாரும் இல்ல ஆராயி. அந்தப் பேரெல்லாம் வண்டியோட வந்தது."

அப்பாசாமிக்குப் புரியவில்லை. ஆராயிக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து போயிற்று.

"அந்தப் பொண்ணுக்குக் காச்சல்னு நான் முட்டி வலியோட மலையேறிப் போயி வெளக்கு போட்டேன்யா. தெரியுமா ஒனக்கு?"

பட்டாபிக்குத் தெரியாது. தூணைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சல் எனக்குத்தான் வந்தது" என்றார். அது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. பத்திரிகையையும் பழத்தையும் தரையில் வைத்தாள். பூவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அன்றைக்கே பட்டாபி தின்னர் வாங்கிவந்து பெயர்களைத் தேய்த்தார். வெள்ளை போயிற்று. ஆனால் வெயிலிலும் உப்புக் காற்றிலும் டேங்க் முழுக்க வெளுத்திருக்க, எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக இருந்தது. சாம், ரூத் என்று முன்னைவிடத் தெளிவாகவே படிக்க முடிந்தது. துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு ஆராயி கடையைத் திரும்பிப் பார்க்காமல் வேகமாகக் கடந்தார். வேலை, வீடு, வேலை. பேச ஒருவரும் இல்லாத வாரங்கள். விடுதியில் யாரோ ஏதோ கேட்க, பதில் சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்டது.

கல்யாணத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். முகூர்த்தத்தன்று காலையில் எப்படியோ வண்டி திருக்கழுக்குன்றம் மண்டபத்துக்கே போய் நின்றது.

"சாம் அப்பா வந்துட்டாரு டோய்!" என்று டீக்கடைக் கூட்டம் மொத்தமும் கத்தியது. "எங்க அண்ணாத்த, அண்ணியும் பசங்களும்?"

எல்லாருக்கும் தெரிந்திருக்கும், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துப் பட்டாபி திரும்பிவிடப் பார்த்தார். பட்டுப்புடவையில் ஆராயி குறுக்கே வந்தாள்.

"பசங்களுக்குப் பரிச்சைடா. சாமி எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. வுடுங்க, அவரு போயி ஒக்காரட்டும்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டாபிக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆனாலும் பந்தியில் உட்கார மனசு வரவில்லை. அட்சதை போட்டுவிட்டுக் கிளம்பினார். ஆராயி வாசல்வரை வந்து ஒரு பையை ஹாண்டில்பாரில் மாட்டினாள். "பசங்களுக்குச் சோறு கட்டிக்கீறேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு குனிந்து, தணிந்த குரலில், "வெளக்கு வீணாப் போவல சாமி. காச்சல் ஒனக்குத்தான?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தார். உள்ளே நாலு பொட்டலம் இருக்கும் என்று நினைத்திருந்தார். ஒரே ஒரு இலைப் பொட்டலம்தான் இருந்தது. சாம்பார் சாதம், இரண்டு வடை, ஒரு கையளவு பூந்தி. ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவு.

இத்தனை வருஷமாக அந்தக் கடையிலிருந்து வந்ததெல்லாம் சாமுக்கும் ரூத்துக்கும் வந்தவை. இது பட்டாபிக்குக் கட்டிய சோறு. தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.