நின்றாலும் அணையாத வண்டி

மருதையனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. டீக்கடையில் கிளாஸ் காலியாவதற்குள் இரண்டு முறை எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வருவார். கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வாய்க்காலுக்கு அப்பால் இருந்த குடியிருப்பில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் மிராசுதாரின் பண்ணையாட்கள். மருதையன் மட்டும் எப்படியோ ஏர்க்காலிலிருந்து நழுவி, மிராசுதார் வாங்கிய முதல் டிராக்டரில் ஏறிவிட்டார்.

கூலி நெல்லுக்காகச் சண்டை முற்றிய வருடம், மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி நடவு செய்யப் பார்த்தார். சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்த மருதையன் நடுவயலில் டிராக்டரை நிறுத்தினார், இறங்கினார், நடந்து போய்விட்டார். என்ஜினை அணைக்கவில்லை. ஆளில்லாத வண்டி சேற்றில் நின்றபடி மதியம் வரை உறுமியது. வரப்பில் நின்றவர்களில் பலருக்கு அதை அணைக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு இறங்கத் தைரியம் இல்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி அணைத்தவர் மிராசுதாரின் கார் டிரைவர் இளையபெருமாள். கோயிலை ஒட்டிய கீழவீதியில் குடியிருப்பவர். அதுவரை அவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டுவந்த மருதையன் அந்தச் சண்டைக்குப் பிறகு ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். இளையபெருமாள் அதை மறுக்கவில்லை. திருப்பித் ‘தம்பி’ என்று சொல்லவும் இல்லை.

பிறகு ஆட்சி மாறியது, நில உச்சவரம்பு வந்தது. மிராசுதார் நிலத்தை மைத்துனர், மருமகள், இன்னும் பிறக்காத பேரன் என்று பங்கிட்டு எழுதிவிட்டுத் தஞ்சாவூரில் வீடு பார்த்துக்கொண்டு போனார். வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் குடியிருந்த மனைகளுக்குப் பட்டா கிடைத்தது. வண்டிக் கொட்டகையில் நின்றுபோயிருந்த நீளமான அமெரிக்கக் கார் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. அதன் முன் சீட்டில் கோழி அடைகாத்தது. பழைய இரும்பு விலைக்கு அதை எடுத்துக்கொண்டவர் மருதையன்.

அது கிளட்ச் இல்லாத வண்டி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள கம்பியை இழுத்துவிட்டால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். தேய்ந்திருந்த என்ஜினை மருதையன் பிரித்தார். சிலிண்டர்களைக் கடைந்து ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன்களைப் போட்டார். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைத் தஞ்சாவூர் லேத்துப் பட்டறையில் கொடுத்தபோது, பட்டறைக்காரர் உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சீவிவிட்டார். அதனால் வேகத்தில் என்ஜின் சிங்கம்போல இழுத்தது. சும்மா நிற்கும்போது மட்டும் குளிர் காய்ச்சல்காரனைப்போல உதறியது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாமான். என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே உட்காரும் டார்க் கன்வர்ட்டர். மருதையன் அதைக் குடம் என்றே சொல்வார். மூடிய இரும்புக் குடத்துக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள், நடுவே எண்ணெய். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும். அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுற்றும். வண்டி நகரும். கொட்டகையில் வெள்ளம் நின்ற வருடம் அந்தக் குடம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வேறொன்று தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் மனைவி ராசம்மாளிடம் மட்டுமே சொல்லியிருந்தார். மகள் அம்சவல்லிக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வைரக்கண்ணு மன்னார்குடிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் இந்தக் காரில், கோயில் வாசலில் புறப்பட்டு, கீழவீதி வழியாக வர வேண்டும். அதுவரை அவர்களுடைய ஊர்வலங்கள் வாய்க்கால் கரையோடு முடிந்துவிடும். வீதிக்குள் வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

“மாப்பிள்ளை வாய்க்காங் கரையில நடந்து வந்தா காலு தேஞ்சிடுமா?” என்றாள் ராசம்மாள்.

“தேயாது.”

“பின்ன?”

மருதையன் எழுந்து போய்ப் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

வைரக்கண்ணு ஒரு நாள் வந்தபோது, ராசம்மாள் விஷயத்தைச் சொல்ல, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நடுவீதியில நின்னுட்டா நான் எறங்கித் தள்ளணுமா மாமா?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பட்டு வேட்டியும் மாலையுமாக அவன் கீழவீதியில் கார் தள்ளும் காட்சி மருதையனின் கண்ணில் விழுந்தது. அதன் பிறகு அது போகவே இல்லை.

சாமானுக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் ஒருவர் இளையபெருமாளுக்குப் பழக்கம். அவர் சொன்னால்தான் நல்ல சாமானை உள்ளே இருந்து எடுத்துத் தருவார். ஆகவே இருவரும் மாயவரம் வழியாக ரயிலேறினார்கள். வழியெல்லாம் இளையபெருமாள் தூங்கினார். மருதையன் வாசலில் நின்றார்.

கடைக்காரர் இரண்டு குடங்களை எடுத்துவைத்தார். ஒன்று பெரியது, இன்னொன்று நாலு விரல் குறைவாகத் தெரிந்தது.

“பெருசு டைட்டு. சின்னது லூசு. எது வேணும்?”

“லூசு ஒண்ணு ஏற்கெனவே கூட வந்திருக்கு பாய். டைட்டே குடுங்க” என்றார் இளையபெருமாள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. “அப்படி எடுக்க முடியாதுங்க. என்ஜின்ல வேலை பாத்திருக்கீங்களா?”

மருதையன் பிஸ்டனையும் தண்டையும் பற்றிச் சொன்னார்.

“அப்ப நின்னா உதறுமே. பெருசு போட்டா என்ஜின் வண்டிய கெட்டியா புடிச்சுக்கும். ரோட்டுல ஓட ஓட நல்லது, எண்ணெய் சூடாவாது. ஆனா நிக்கிறப்ப பிரேக்க மிதிச்சீங்கன்னா என்ஜின் கழுத்தையும் சேத்து மிதிக்கிற மாதிரி. சின்னது நழுவிக் குடுக்கும். நிக்கிறப்ப சுகம். தூரம் ஓடினா கொதிக்கும். வண்டி எதுக்கு ஓடப்போவுது, அதச் சொல்லுங்க.”

மருதையன் பக்கத்தில் பார்த்தார். இளையபெருமாள் ஒரு பழைய ஹாரனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழவீதிக்காரர்.

“டாக்ஸிக்குத்தாங்க” என்றார் மருதையன். “நாகப்பட்டினம், திருவாரூர்.”

“அப்ப பெருசு” என்று கடைக்காரர் சாக்கை எடுத்தார்.

எந்தச் சாமான் நல்லது என்பதை அது செய்யப்போகும் வேலைதான் சொல்ல முடியும். வேலையை மறைத்துவிட்டு நல்லதைக் கேட்டால், கிடைப்பது வேறொருவனுக்கு நல்லதாக இருக்கும். மருதையனுக்கு இது தெரியாமல் இல்லை. ரயிலில் சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

குடத்தை மாட்டியதும் ஆற்றங்கரைச் சாலையில் சோதனை நடந்தது. வைக்கோல் பாரம் ஏற்றிய ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் காரை விட்டார். மாடு நடக்கும் வேகத்தில் கார் நடந்தது. அணைக்கட்டுத் திருப்பம் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லை. மருதையன் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். வயலில் வளர்ந்தவருக்கு மெதுவு என்றால் மாட்டு நடைதான். ஊர்வலத்தின் மெதுவு வேறு என்பது தோன்றவில்லை. கீழவீதியில் வருகிற ஊர்வலங்களை அவர் வாய்க்கால் மதகிலிருந்து காதால் மட்டுமே கேட்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து கீழ்வேளூர் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டிவந்தது. பிரேக்கை மிதித்தார். என்ஜின் உதறி, முனகி, அணைந்தது. மறுபடி கிளப்பினார், அணைந்தது. கியரை எடுத்துவிட்டுக் கிளப்பி, கேட் திறந்ததும் கியரில் போட்டார். கார் ஒரு முழம் துள்ளி, முன்னால் கூடையோடு நின்ற மீன்காரியின் இடுப்பருகே போய் நின்றது.

“ஏன்யா, வழி கேட்டா விட மாட்டேனா? முட்டித்தான் கேப்பியா?” என்றாள் அவள்.

அன்று முழுவதும் அவர் கார்புரேட்டரின் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். என்ஜின் வேகத்தை ஏற்றினால் கார் பிரேக்கையும் மீறி முன்னால் தள்ளியது. இறக்கினால் செத்தது. ஊர்வலத்தில் முன்னால் நிற்கப்போவது மீன்கூடை இல்லை, மேளக்காரர்கள். குடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் மாற்றித் தருவது இளையபெருமாளின் சொல்லுக்காகத்தான். ஆகவே அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வீதி முழுக்கத் தெரியும். தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. மருதையன் வாய்க்கால் மதகுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ராசம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தபடி அரிசி புடைத்தாள்.

“நடக்கிற நடைக்கு நீயே மெட்ராசு போய்ச் சேந்திருக்கலாம்” என்றாள்.

மறுநாள் காலையில் டீக்கடையில் இளையபெருமாளைப் பிடித்தார்.

“அண்ணே, வண்டி டாக்ஸிக்கு இல்ல.”

“தெரியும்.”

“எப்படிங்க?”

“டாக்ஸிக்கு எவன்டா பின்சீட்டுல சிவப்பு வெல்வெட்டு தைப்பான்?”

மருதையன் கிளாஸைக் கீழே வைத்தார். “மாப்பிள்ளை அழைப்பு. கீழவீதி வழியா.”

“ம்.”

“தெரிஞ்சேவா பெரிய குடத்த வாங்க விட்டீங்க?”

“நீ சொல்லலியே” என்றார் இளையபெருமாள். கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். “மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் ஓட்டினேன். அங்க வண்டி ஓட்டுறது கம்மி. நிக்கிறதுதான் வேலை. நாயனக்காரரு கோயில் மூலையில ஒரு ராகத்த எடுத்தா நம்ம இஷ்டத்துக்கு முடிக்க மாட்டாரு. பத்தடி போவாரு, நிப்பாரு. வாசலுக்கு வாசல் ஆரத்தி. இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியப்போவுது.”

கடைசி வார்த்தையில் இகழ்ச்சி இருந்ததா, வெறும் தகவலா என்று மருதையன் அவர் முகத்தைப் பார்த்தார். முகம் டீ கிளாஸுக்குள் இருந்தது.

“நாளைக்குப் பாசஞ்சருக்கு வா” என்றார் இளையபெருமாள்.

சின்னக் குடம் வந்தது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். “இத வச்சு டாக்ஸி ஓட்டாதீங்க” என்று மட்டும் சொன்னார். புதுக் குடத்தோடு கார் பிரேக்கில் அமைதியாக நின்றது. உதறியது, ஆனால் அணையவில்லை. நாகப்பட்டினம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது என்ஜின் கத்திக்கொண்டிருக்க வண்டி பின்தங்கி வந்தது. எண்ணெய் காந்தும் நாற்றம் அடித்தது. இந்த வண்டியால் இனி ஒரே ஒரு வேலைதான் முடியும் என்பது மருதையனுக்கு விளங்கியது. அது நடக்காமல் போனால் இது மறுபடியும் கோழிக்கூடுதான்.

ஊர் நாயனக்காரர் அந்தத் தேதிக்கு வேறு இடம் ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து பேண்டு செட் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் வாசலில் கார் புறப்பட்டது. வைரக்கண்ணு பின்சீட்டில், மாலையின் மேல் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான். பேண்டுக்காரர்களிடம் எங்கேயும் நிற்காமல் வாசித்துக்கொண்டே போய்விடுமாறு மருதையன் சொல்லியிருந்தார். நிற்பதற்காகவே குடம் மாற்றியவர், நிற்க வேண்டாம் என்று சொன்னார். அந்த நேரத்தில் அவருக்கு அது முரணாகத் தெரியவில்லை.

கீழவீதியில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். சில கதவுகள் சாத்தியிருந்தன. கல் வரவில்லை, சொல்லும் வரவில்லை. மருதையனுக்கு வீதியின் அந்தக் கோடி மட்டுமே கண்ணில் இருந்தது.

பாதி வீதியில் இளையபெருமாள் வீடு. அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கார் நெருங்கியதும் நடுவீதிக்கு இறங்கி வந்து பேண்டு மாஸ்டரின் முன்னால் கையை நீட்டினார்.

“ஏம்ப்பா, கீழவீதியில வந்துட்டு நிக்காம போற? நின்னு ஒரு பாட்டு வாசி.”

பேண்டு நின்றது. மருதையன் பிரேக்கை மிதித்தார். கிளாரினெட்காரர் நிதானமாக ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். என்ஜின் உதறியது. பானெட் நடுங்கியது. பக்கத்து வாசல்களிலிருந்து நாலைந்து பேர் இறங்கிக் காருக்கு அருகில் வந்து நின்றார்கள். பாட்டைக் கேட்கிறார்களா என்ஜினைக் கேட்கிறார்களா என்று சொல்ல முடியாது. இளையபெருமாளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வைரக்கண்ணு, “மாமா, வேர்க்குது ஒங்களுக்கு” என்றான்.

பாட்டு முடிந்தது. இளையபெருமாள் ஒதுங்கி வழிவிட்டார். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் கார் துள்ளாமல், யாரையும் முட்டாமல், தானாக நகர்ந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, பந்தல் பிரிக்கும் சத்தத்துக்கு நடுவே ராசம்மாள் கேட்டாள்.

“அவரு எதுக்கு நிக்கச் சொன்னாரு? மரியாதைக்கா, வண்டி நிக்குதான்னு பாக்கவா?”

“தெரியல.”

“கேக்கறதுதானே? பந்தியிலதான் ஒக்காந்திருந்தாரே.”

“கேட்டா சொல்லிடுவாரு” என்றார் மருதையன். எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க எழுந்து போனார்.