இரண்டாவது முறையும் ‘இருக்கிறது’ என்று வந்த இரத்தச் சோதனை

மூன்றாவது பிள்ளையையும் இழந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபையில் எழுந்து சாட்சி சொல்கிறவர்கள் பலர் தாங்கள் கதறி அழுததாகச் சொல்வார்கள். நான் அழவில்லை. நாவற்குடாவில் எங்கள் வீட்டுக் குசினியில் அரிசி களைந்தேன், உலை வைத்தேன், கணவருக்குச் சோறு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். பாட்டுக்கு வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

முதல் இரண்டும் வயிறு வெளியே தெரியும் முன்பே போய்விட்டன. மூன்றாவது ஆறாம் மாதத்தில் போனது. பெண் பிள்ளை. துணியில் சுற்றிக் கையில் தந்தார்கள். பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

நான் வீட்டில் இருந்தபடி பள்ளிச் சீருடை தைக்கிறவள். காலால் மிதிக்கும் மிஷின். மிதித்து மிதித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஷினைச் சேலையால் மூடி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு இடது கால் வீங்கியது. நடக்க முடியவில்லை. என் கணவர் வாவியில் ஓடும் தோணிகளுக்கு மோட்டார் திருத்துகிறவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கிறீஸ் பூசியபடியே ஆட்டோவில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். காலுக்குள் இரத்தம் கட்டிப்பட்டிருக்கிறது என்றார்கள். அங்கே இருந்த பெண் டொக்டர் என்னைப் பற்றி எல்லாம் கேட்டார். மூன்று பிள்ளைகளையும் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கு முந்தி இரத்தத்தில அன்டிபொடி பாத்தவங்களா?”

“இல்ல டொக்டர்.”

கிருமியோடு சண்டை பிடிக்க எல்லோருடைய உடம்பும் அன்டிபொடி என்ற ஒன்றைச் செய்யுமாம். சிலருடைய உடம்பு அதைத் தவறாகச் செய்துவிடுமாம். அப்போது இரத்தம் கட்டக்கூடாத இடத்தில் கட்டும். காலில் கட்டலாம். பிள்ளைக்கு உணவு போகும் நஞ்சுக்கொடியிலும் கட்டலாம். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ‘இருக்கிறது’ என்று வந்தது. ஆனால் காய்ச்சல் வந்தவர்களுக்கும் சில வேளை அப்படிக் காட்டிவிட்டுப் பிறகு இல்லாமல் போய்விடுமாம். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டொக்டர்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்ததாக விசுவாசித்து, எழுந்து நின்று நன்றி சொல்லிவிடுவோம். மாதர் கூட்டத்தை நடத்துகிற செல்வமணி அக்கா எனக்காக எழுந்து நின்றார். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைட இரத்தத்தில ஒண்டும் இல்ல எண்டு வந்ததுக்கு நன்றி அப்பா” என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். இரண்டாம் சோதனைக்கு இரத்தமே இன்னும் எடுக்கவில்லை.

எனக்கு அப்படி ஜெபிக்க வரவில்லை. உண்மையில் எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. ஒரு நாள் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது மட்டும் வாய்விட்டுச் சொன்னேன்: “ஏன் எண்டு மட்டும் சொல்லுங்க ஆண்டவரே. வேற ஒண்டும் வேணாம்.” கண்ணை மூடவும் இல்லை, முழங்காலில் நிற்கவும் இல்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ‘இருக்கிறது’ என்றே வந்தது. டொக்டர் மெல்லச் சொன்னார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“தையல் மிஷின் மிதிச்சதால இல்லையா டொக்டர்?”

“இல்ல. நீங்க செஞ்ச ஒண்டாலயும் இல்ல. இப்ப காரணம் தெரிஞ்சிட்டு. இனி வழி இரிக்கு.”

அன்று வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்தேன். பொழுது சாயும் வரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ காலம். எழும்பியபோதுதான் நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று விளங்கியது. சபை ‘இல்லை’ என்று வர வேண்டும் என ஜெபித்தது. ஆண்டவர் ‘இருக்கிறது’ என்று சொல்லி எனக்குப் பதில் தந்தார்.

நாள் தள்ளினால் ஒரு நாளும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலுக்காக நான் தினமும் விழுங்கி வந்த குளிசை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நாள் தள்ளியதும் ஓடினேன். அந்தக் குளிசையை நிறுத்தி, இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியைத் தந்தார்கள். அதோடு தினமும் ஒரு சிறிய அஸ்பிரின். ஊசியைக் கணவரே போடப் பழகினார். மோட்டார் எண்ணெய் போக மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வருவார்.

ஒரு நாள் செல்வமணி அக்கா வந்தார். “என்னகா இது? நன்றி சொன்ன பிறகும் ஊசியா? விட்டுப் போட்டு விசுவாசமா இரி” என்றார்.

நான் சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டினேன். நாவல்பழம் நசுங்கியது போல இடமெல்லாம் கன்றியிருந்தது. அக்கா கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“இவ்வளவையும் ஆருக்காகத் தாங்குறாய்?” என்று கேட்டார்.

“உள்ள இரிக்கிற பிள்ளைக்குத்தான் அக்கா. இது என்ட விசுவாசம்.”

கணவர் மோட்டார் வேலையாக வாகரைப் பக்கம் போய்த் தங்கிய நாட்களில் எனக்கு ஊசி போட்டது யார் தெரியுமா? செல்வமணி அக்காதான். ஊசி என்றாலே பயந்து சாகிறவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே குத்துவார். “மற்றக் கண்ணையும் மூடிப்போடாதீங்க அக்கா” என்பேன்.

மகன் பிறந்தான். கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். குறை மாதம் இல்லை, நல்ல எடை. கையில் தந்தார்கள். பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் மனம் மரத்துக் கிடந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது அப்படி இருக்கலாம். நன்றி உணர்வு வராதவர்களையும் ஆண்டவர் தள்ளிவிடுவதில்லை.

இரண்டாம் மாதம் கிளினிக்கில் மகனின் தொடையில் தடுப்பூசி போட்டார்கள். வீறிட்டுக் கத்தினான். முகம் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்துக் கத்தினான். இவ்வளவு பலமாகக் கத்த இவனுக்கு மூச்சு இருக்கிறதே என்று நினைத்தேன். அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து நானும் அழத் தொடங்கினேன். கத்த முடியாமல் போன மூன்று பேருக்கும் சேர்த்து அழுதேன். ஊசி போட்ட மிட்வைப் மிஸ்சி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் குணமாகிவிட்டேன் என்று சொல்லச் சபையில் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். அன்டிபொடி இன்னும் என் இரத்தத்தில் இருக்கிறது. இப்போதும் குளிசை எடுக்கிறேன், இன்று காலையும் எடுத்தேன். மகன் அப்பாவின் தோளில் தூங்குகிறான், பின்னால் உள்ள வாங்கில் பாருங்கள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல எழுந்து நிற்கிறேன்.

இங்கே யாராவது பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்திருந்தால், அது உங்களால்தான் என்று யாரும் சொல்லியிருந்தால், நம்பாதீர்கள். ஏன் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். சட்டி கழுவிக்கொண்டே கேட்டாலும் போதும். பிறகு இரத்தத்தைச் சோதிக்கக் கொடுங்கள். என்ன பதில் வந்தாலும் பயப்படாதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நாளைக்குக் கிளினிக் நாள், நானும் கூட வருகிறேன்.